கடலூரில் ஒரு சீட்டாட்ட அறை: உட்காரும் முன் பார்க்க வேண்டியது

கடலூரில் காசு வைத்து ரம்மி ஆட மரியாதையான இடம் ஏதாவது இருக்கிறதா என்று பலர் கேட்கிறார்கள். 2025 ஆகஸ்டில் போனில் இருந்த காசு ஆட்டமெல்லாம் நின்ற பிறகு இந்தக் கேள்வி ரொம்பவே அதிகமாகிவிட்டது. இருக்கிறது. பாரதி சாலையிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில் ஒரு மனமகிழ் மன்றம், மாடியில் சீட்டாட்ட அறை, கீழே கேரம், செஸ், ஒரு பழைய டேபிள் டென்னிஸ் மேசை. "பேர் மட்டும் போடாதீங்க சார், கூட்டம் வந்தா எங்களால சமாளிக்க முடியாது" என்று செயலாளர் கேட்டுக்கொண்டதால் பெயரைப் போடவில்லை. மஞ்சக்குப்பம், புதுநகர் பக்கம் சீட்டாடுகிறவர் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

மின்விசிறி, நாற்காலி, டீ பற்றியெல்லாம் பிறகு சொல்கிறேன். சீட்டாட ஒரு இடத்துக்குள் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த இடம் எதில் சம்பாதிக்கிறது என்பதைத்தான். நாம் உட்காருவதற்குக் கொடுக்கும் காசிலா, நாம் ஆடுகிற காசிலா? வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்த இடம் சட்டப்படி நிற்குமா, அங்கே போகிறவன் வீட்டுக்கு முழுசாகத் திரும்புவானா என்ற இரண்டுக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

இங்கே மாதச் சந்தா தனி. சீட்டாட உட்கார்ந்தால் ஒரு மாலைக்கு நாற்காலிக் கட்டணம் 60 ரூபாய். ஜெயித்தாலும் 60, தோற்றாலும் 60, நாலு ஆட்டத்தில் எழுந்து போனாலும் கடைசி வரை இருந்தாலும் அதே 60. புதுக் கட்டு பிரித்தால் அதன் விலையை மேசையில் இருப்பவர்கள் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. மேசை மேல் ரூபாய் நோட்டு வைக்க விடமாட்டார்கள். மார்க்கர் ஒருவர் இருக்கிறார், பல வருடமாக அங்கேயே இருப்பவர், கோடு போட்ட நோட்டில் ஒவ்வொரு பெயருக்குக் கீழும் புள்ளியை எழுதிக்கொண்டே வருவார். ஆட்டம் முடிந்ததும் கணக்கை ஆடியவர்களே தங்களுக்குள் தீர்த்துக்கொள்கிறார்கள், மன்றத்தின் கை அதில் படுவதே இல்லை. கட்டணத்துக்கு ரசீது நாம் கேட்காமலே வருகிறது, இது சின்ன விஷயமாகத் தெரியலாம், எனக்கு அங்கே முதலில் நம்பிக்கை வந்தது அந்த ரசீதைப் பார்த்துத்தான்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தமிழ்நாட்டில் சூதாட்டத்துக்கு இருக்கிற சட்டம் ரொம்பக் கறாரானது. அடிப்படைச் சட்டம் 1930ஆம் வருடத்தது. சூதாடும் வீடு நடத்தினால் குற்றம், அங்கே ஆடினாலும் குற்றம், பொது இடத்தில் ஆடினால் அதற்குத் தனியாக 12வது பிரிவு. ஆனால் அதே சட்டத்தின் 11வது பிரிவு திறமை விளையாட்டுகளுக்கு விலக்கு கொடுக்கிறது. அப்படியானால் ரம்மி எதில் சேரும்? இதற்கு 1968லேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் போலீஸ் ரெய்டு நடத்தி, ரம்மி ஆடிக்கொண்டிருந்தவர்களைப் பிடித்து வழக்குப் போட்டது, அந்த வழக்கு டெல்லி வரை போனது. ரம்மியில் விழுகிற சீட்டுகளை ஞாபகம் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதைக் கழிப்பது என்று முடிவு செய்ய வேண்டும், அதனால் அது பெரும்பாலும் திறமையால் ஆடும் ஆட்டம், மூணு சீட்டு மாதிரி முழுக்க அதிர்ஷ்டம் இல்லை என்றது நீதிமன்றம். கிளப் ஆடுகிறவர்களிடம் சிறு கட்டணம் வாங்குவதாலேயே அது சூதாட்ட வீடாகிவிடாது என்றும் சொன்னது. கூடவே ஒரு எச்சரிக்கையும் இருந்தது: ஆட்டத்திலிருந்தே கிளப் நடத்துகிறவன் லாபம் எடுத்தால் அப்போது சட்டம் பாயும்.

அந்தக் கடைசி வரியைத்தான் பலர் படிப்பதில்லை. "ரம்மி லீகல்" என்று போர்டு வைக்காத குறையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள், மேசையில் விழும் தொகையில் கமிஷன் எடுத்தால் கதை மாறிவிடும் என்பதைச் சொல்வதே இல்லை.

அப்படி ஒரு இடத்தையும் பார்த்திருக்கிறேன். பைபாஸ் பக்கம், ஏசி போட்ட அறை, குஷன் நாற்காலி, நாற்காலிக் கட்டணமே கிடையாது, டீ, தண்ணீர் பாட்டில், ராத்திரி சாப்பாடு வரைக்கும் இலவசம். உறுப்பினர் விண்ணப்பம் எல்லாம் கேட்கவில்லை, நண்பர் அழைத்துப் போனார், உட்கார வைத்துவிட்டார்கள். பிறகுதான் கவனித்தேன், ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் ஒரு பையன் வந்து ஜெயித்தவர் பக்கத்திலிருந்து ஒரு பங்கை எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டு போகிறான். ஆறு பேர் மேசையில் ராத்திரி முழுவதும் சீட்டு போட்டால் ஆறு பேர் காசும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த டப்பாவுக்குள் போய்விடும், கடைசியில் யாருக்குத் திறமை அதிகம் என்பதற்கே அர்த்தம் இருக்காது. அங்கே ஆட்டம் வேகமாக ஓட வேண்டும், பந்தயம் ஏற வேண்டும், யாரும் எழுந்து போகக் கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு கைக்கும் அவர்களுக்குப் பங்கு இருக்கிறது. நள்ளிரவு தாண்டியும் "இன்னொரு ரவுண்டு போடுங்க அண்ணே" என்று உபசரித்துக்கொண்டே இருந்தார்கள். நம்ம மன்றத்தில் பத்து மணிக்கு மார்க்கர் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார், கிளம்புங்கள் என்று அர்த்தம். மன்றத்துக்கு நாம் உட்கார்ந்திருந்து ஆக வேண்டியது எதுவும் இல்லை.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். பதின்மூன்று சீட்டு ரம்மி, 101 புள்ளியைத் தொட்டவர் வெளியேறுகிற 101 ஆட்டம்தான் அதிகம். கை சரியில்லை என்று முதலிலேயே ஸ்கூட் சொல்லி விலகினால் 20 புள்ளி, நடுவில் போனால் 40, கடைசி வரை மாட்டினால் அதிகபட்சம் 80. புள்ளிக்கு இவ்வளவு காசுதான் என்று மன்றமே ஒரு உச்சவரம்பு வைத்து சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது, அதற்கு மேல் ஏற்றி ஆட யார் கேட்டாலும் விடுவதில்லை. மாலை முழுவதும் கையே வராமல் தோற்றாலும் குடும்பத்தோடு ஒரு நாள் ஓட்டலில் சாப்பிடுகிற செலவைத் தாண்டாது.

அங்கே ஆடுகிறவர்களின் தரம் நல்ல தரம். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஒரு கையைச் சொல்கிறேன். அவர் ஆரம்பத்திலேயே ஆட்டின் (ஹார்ட்ஸ்) எட்டைக் கழித்தார், அடுத்து இருந்த பையன் அதைச் சட்டென்று எடுத்துக்கொண்டான். பெரியவர் கையில் ஆட்டின் ஒன்பது தனியாக நின்றது, அவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, ஒன்பது புள்ளி சுமைதான். ஆனாலும் போடவில்லை. ராணி போனது, பத்து போனது, தன் கையில் சேரக்கூடிய ஒரு ஜோடியையே உடைத்தும் போட்டார், ஒன்பது மட்டும் ஓரத்தில் அப்படியே இருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "எட்டை எடுத்தவனுக்கு ஒன்பதைப் போடுவாங்களா தம்பி, அவன் ஏழோட உக்காந்திருக்கான்" என்று காதோரம் சொன்னார். அந்தப் பையன் கடைசி வரை ஷோ அடிக்க முடியாமல் கட்டையே தடவிக்கொண்டிருந்தான், வேறொருவர் முடித்தார். சீட்டை விரித்தபோது பையன் கையில் ஆட்டின் ஏழும் எட்டும் ஜோடியாக நின்றது. நீதிமன்றம் சொன்ன திறமை என்னவென்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் அந்தப் பெரியவர் பக்கத்தில் ஒரு மாலை உட்கார்ந்தால் போதும்.

அனுமதி இல்லாத ஆட்டம் என்றால் நிஜமாகவே அனுமதி இல்லை. மூணு சீட்டு கிடையாது, மங்காத்தா கிடையாது, கீழே கேரம் ஆடுகிறவர்கள்கூட வெளியே நின்று "சிவப்பு இவனுக்கா அவனுக்கா" என்று பந்தயம் கட்டக் கூடாது. ஒரு நாள் ரம்மி மேசை நிரம்பிவிட்டதால் சும்மா இருந்த மூன்று பேர், நேரம் போக வேண்டுமே என்று உள்ளே வெளியே, அதாவது மங்காத்தா, போட ஆரம்பித்தார்கள், அதுவும் ரொம்பச் சின்ன காசுக்கு. மார்க்கர் வந்து சீட்டைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர்கள் முணுமுணுத்தார்கள், எனக்கு அவர் செய்தது சரி என்றே பட்டது. ஒரு மேசையில் மங்காத்தா ஓடினால் பக்கத்து மேசை ரம்மிக்கும் சேர்த்து கெட்ட பெயர், ரெய்டு வந்தால் எல்லோரும் ஒரே வேனில்தான் ஏற வேண்டும்.

நம்ம ஊரில் இது கற்பனை பயம் இல்லை. "காசு வைத்து சூதாடியவர்கள் கைது, 52 புள்ளிச் சீட்டுகள் பறிமுதல்" என்ற செய்தி பேப்பரின் மாவட்டப் பக்கத்தில் வராத வாரம் உண்டா? சவுக்குத் தோப்பிலும் ஆற்றங்கரையிலும் துண்டு விரித்து ஆடுகிறவர்கள்தான் பெரும்பாலும் மாட்டுகிறார்கள், அவர்களிடம் போய் நாங்கள் ஆடியது ரம்மிதான் என்று வாதாட யாரும் இருக்க மாட்டார்கள். திருவிழாக் கூட்டத்தில் ஆறு படம் போட்ட துணியை விரித்து லங்கர் கட்டை உருட்டுகிறார்களே, அதில் திறமை என்று சொல்ல ஒன்றுமே இல்லை, பிள்ளைகள் கையில் இருக்கிற பத்து ரூபாயையும் பிடுங்குகிற வேலை. லாட்டரியைத் தமிழ்நாடு 2003லேயே தடை செய்துவிட்டது, இருந்தும் மூணு நம்பர் லாட்டரி போனிலும் பெட்டிக்கடை ஓரத்திலும் ஓடுகிறது. 2019 டிசம்பரில் பக்கத்து விழுப்புரத்தில் அந்த லாட்டரிக் கடனில் ஒரு குடும்பமே, மூன்று பெண் குழந்தைகளோடு, போய்விட்டது. கறாரான சட்டம் எதற்கு என்று கேட்கிறவர்களிடம் நான் அந்தக் குழந்தைகளைத்தான் சொல்வேன்.

போன் ரம்மிக்கும் மன்றத்து ரம்மிக்கும் சட்டம் ஒன்றா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள், இதில் எக்கச்சக்கக் குழப்பம் இருக்கிறது. ஆன்லைன் காசு ஆட்டத்தைத் தடை செய்து தமிழ்நாடு அரசு 2020 நவம்பரில் முதலில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது, பிறகு அது சட்டமாக வந்ததை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் நீதிபதி சந்துரு குழு அறிக்கை, 2022 அக்டோபரில் புது மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதே வருடம் நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது, ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று பட்டியல் போட்டது செல்லாது என்றது. சரி, தடுக்க முடியாவிட்டால் கட்டுப்படுத்துவோம் என்று 2025 பிப்ரவரியில் விதிகள் வந்தன: ஆதார் கட்டாயம், நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஆட முடியாது. அந்த விதிகளை உயர் நீதிமன்றம் ஜூனில் ஏற்றது. மூன்று மாதம்கூட முழுசாகப் போயிருக்காது, ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரேயடியாக ஆன்லைன் காசு ஆட்டம் எதுவானாலும், திறமையோ அதிர்ஷ்டமோ, கூடாது என்று சட்டம் போட்டது, 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. நடத்துகிறவனுக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம், விளம்பரம் செய்கிறவனுக்கு இரண்டு வருடம், 50 லட்சம். ஆடுகிறவனுக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை.

இது அத்தனையும் ஆன்லைனுக்கு. மாடியில் நாற்காலி போட்டு நேருக்கு நேர் ஆடுகிற ஆட்டத்துக்கு இன்னும் அந்த 1930 சட்டமும் 1968 தீர்ப்பும்தான். நடுவில் 2012ல் சென்னை உயர் நீதிமன்றம் காசு வைத்தால் ரம்மியும் சூதாட்டமே என்ற போக்கில் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. 2015ல் அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தபோது மூல மனுவே திரும்பப் பெறப்பட்டதால் அது நிற்கவில்லை.

ஆப்பில் நடந்ததும் பைபாஸ் பக்கத்து அறையில் நடந்ததும் எனக்கு ஒன்றுதான். எங்கள் சித்தப்பா மகன் ஒருவன் சிப்காட்டில் நல்ல வேலையில் இருந்தான், ஷிப்ட் முடித்து வந்து ராத்திரியெல்லாம் போனில் ரம்மி. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆப் தன் பங்கை எடுத்துக்கொள்ளும், 2023 அக்டோபரிலிருந்து போடுகிற மொத்தத் தொகைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி வேறு. எதிரில் யார், மனுஷனா இல்லையா, என்ன முகம், எதுவும் தெரியாது. ஒரு கை முடிவதற்குள் அடுத்த கை விழும். சித்தியின் தாலிச் சங்கிலி அடகுக்குப் போன பிறகுதான் வீட்டுக்கே விஷயம் தெரிந்தது. அந்தத் தடை வந்த வாரம் சித்தி பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். இப்போது கள்ளத்தனமாக வெளிநாட்டு ஆப், டெலிகிராம் குரூப் என்று சிலர் அலைகிறார்கள், அங்கே காசு போனால் யாரிடம் போய்க் கேட்பது? தயவு செய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மன்றத்தில் இதற்கு நேர் எதிராக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு உறுப்பினரின் மனைவி நேரில் வந்து, இவர் கடன் வாங்கி ஆடுகிறார் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து அவரைச் சீட்டாட்ட அறைக்குள் விடவில்லை. கேரம் ஆடலாம், பேப்பர் படிக்கலாம், மாடிக்கு மட்டும் ஏற முடியாது. அவர் சத்தம் போட்டார், சந்தாவைத் திருப்பிக் கொடு என்றார், செயலாளர் அமைதியாக அந்த மாதச் சந்தாவை எடுத்து நீட்டினார், அவர் வாங்கவில்லை. இப்போதும் மாலையில் வருகிறார், கீழே கேரம் ஆடுகிறார். நாற்காலிக் கட்டணத்தில் ஓடுகிற இடத்தால்தான் இப்படி ஒருவரை மறுக்க முடியும்.

குறைகள் இல்லாமல் இல்லை. கழிவறை மோசம், அதைப் பல உறுப்பினர்கள் சொல்லியும் சரி செய்யவில்லை. வண்டி நிறுத்த இடம் போதாது, தெருவில் விட வேண்டும். கடல் காற்று ஈரத்தில் சீட்டு பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்கிறது, ஐப்பசி கார்த்திகையில் ஒரு சீட்டு எடுத்தால் இரண்டு வருகிறது, கேரம் பவுடரை விரலில் தொட்டுக்கொண்டு கலைக்கிறார்கள், பிளாஸ்டிக் சீட்டு வாங்கினால் இந்தத் தொல்லையே இருக்காது. கொசு. டீ சுமார், மசால் வடை மட்டும் நன்றாக இருக்கிறது, ஆறு மணிக்குள் தீர்ந்துவிடும்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. பெண் உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. விதியில் தடை ஒன்றும் இல்லை, கேட்டுப் பார்த்தேன், யாரும் வந்ததில்லை என்கிறார்கள். அந்தக் கழிவறையும் அந்த மாடிப்படி இருட்டும் இருக்கும்வரை எப்படி வருவார்கள்? பொங்கல் லீவில் வீட்டில் புளியங்கொட்டை வைத்து ஆடும்போது எங்கள் அண்ணியிடம் ஒரு ஆட்டம் ஜெயிக்க நாங்கள் படுகிற பாடு எங்களுக்குத்தான் தெரியும், அவர் மாதிரி ஆட்கள் அந்த மேசையில் உட்கார்ந்தால் தபால்காரப் பெரியவருக்கும் சரியான ஜோடி கிடைக்கும்.

சேர விரும்புகிறவர்களுக்கு: இது சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான மன்றம், பதிவுச் சான்றை அலுவலக அறையில் மாட்டியிருக்கிறார்கள். நேராகப் போய் உட்கார முடியாது. விண்ணப்பம், போட்டோ, ஆதார் நகல், ஏற்கெனவே உறுப்பினராக இருக்கிற இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், செயற்குழு கூடி முடிவு சொல்ல ஒரு மாதம் வரை ஆகலாம். விருந்தினரை அழைத்துப் போனால் வேடிக்கை பார்க்கலாம், ஆட விடமாட்டார்கள், நுழைவாயில் நோட்டில் பெயரும் நேரமும் எழுதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மது கிடையாது, குடித்துவிட்டு வந்தாலும் வாசலோடு சரி, புதுச்சேரி எல்லை பக்கத்திலேயே இருக்கிற ஊரில் இதை அவர்கள் தினமும் சமாளிக்கிறார்கள். மாலை நான்கரைக்குத் திறக்கிறார்கள். மொத்தம் நாலு மேசைதான், சனி ஞாயிறு என்றால் ஐந்து மணிக்குள் போய்விடுங்கள், இல்லையென்றால் கீழே கேரம்தான்.